ஆறு பெடல், ஒரே அடப்டர்: இரைச்சலும் வருது, பாண்டோட சேர்ந்தால் கிற்றார் கேக்கவும் இல்ல

பாலையூற்று_ஆறுகம்பி

எல்லாருக்கும் வணக்கம். கிற்றார் சத்தத்தை மாத்துறதுக்குக் காலால மிதிக்கிற பெடல் விசயத்தில கைப்பழக்கம் உள்ள அண்ணாமார் ஆராவது வழி சொல்லுங்க.

என்ட கிற்றார் ஸ்ட்ராட் வடிவம், மூண்டும் சிங்கிள் கொயில் பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கிற ஒற்றைச் சுருள்). ட்யூனர், பொஸ் எஸ்டி-1 ஓவர்டிரைவ், பொஸ் டிஎஸ்-1 டிஸ்டோர்சன், ஒரு கோரஸ், எதிரொலி தாற ஒரு டிஜிட்டல் டிலே, பெரிய மண்டபத்தில வாசிக்கிற மாதிரி முழக்கம் தாற ஒரு டிஜிட்டல் ரிவேர்ப் எண்டு ஆறு பெடல் சேர்ந்திட்டுது. சம்பளம் வர வர ஒவ்வொண்டாக் கொழும்பில இருந்து எடுப்பிச்சது. கரண்டுக்கு ஒரு 9 வோல்ட் அடப்டர், அதில இருந்து ஆறு தலை பிரியிற வயர்.

ஞாயிறு காலமை சேர்ச்சில பாடகர் குழுவோட வாசிக்கிறன். அங்க ஒரு சின்ன அம்ப் இருக்கு. சனி இரவு உப்புவெளியில ஒரு ஹோட்டல் முற்றத்தில, கடலுக்குக் கிட்டவா, நாலு பேர் பாண்ட். பைலா, பழைய தமிழ்ப் பாட்டு, கொஞ்சம் இங்கிலீஷ். அங்க அம்ப் இல்ல. கடைசிப் பெடல்ல இருந்து நேர சவுண்ட் மிக்சருக்குத்தான் வயர் போகுது.

இப்ப கரைச்சல் என்னெண்டால், ஒவ்வொரு பெடலையும் தனியப் போட்டால் சுத்தமா இருக்கு. ஆறையும் கோர்த்தால் மெல்லிசா ஒரு கீச்சுச் சத்தமும் அடியில ஒரு உறுமலும். டிஸ்டோர்சனை மிதிச்சால் ரெண்டும் பெரிசாகுது. அடுத்தது, வீட்டில மணிக்கணக்கா இருந்து வடிவா செட் பண்ணின சத்தம், பாண்டோட சேர்ந்தவுடன எங்க போகுதெண்டே தெரியாது. மிக்சருக்குள்ள போன டிஸ்டோர்சன் தகரப் பேணிக்குள்ள வண்டு அடைச்ச மாதிரிக் கத்துது. டிலே சேர்ச் பாட்டுக்கு நல்லாப் பொருந்துது, பைலாவுக்குப் போட்டால் தாளம் குழம்பி டிரம்மர் திரும்பிப் பாக்கிறார்.

பெடலை எந்த ஒழுங்கில வைக்கிறது? இதெல்லாத்தையும் வித்துப்போட்டு எல்லாப் பெடல் வேலையையும் ஒரே பெட்டியில செய்யிற ஒரு மல்டி எஃபெக்ட் வாங்கச் சொல்லி ஒரு கூட்டாளி சொல்லுறான். சீசன் முடியிறதுக்குள்ள சரிப்படுத்த வேணும்.

மட்டு_பேஸ்

கூட்டாளி சொல்லுறது சரிதான் மச்சான். நான் பேஸ் வாசிக்கிற ஆள், எங்கட பாண்ட் கிற்றாரிஸ்ட் போன வருசம் மல்டிக்கு மாறிட்டார். ஒரு அடப்டர், ஒரு வயர், ஸ்பீக்கர் சத்தம் உள்ளயே வருது. மட்டக்களப்பில இருந்து பஸ்ஸில ஏறி வந்து வாசிக்கிற ஆளுக்கு ஆறு பெடலைத் தூக்கித் திரியிறது பெரிய பாடு. வித்திடுங்க.

உவர்மலை_அம்ப்

தம்பி, விக்காதீங்கோ. மட்டு தம்பி சொல்லுறது பஸ்ஸில போற ஆளுக்குச் சரி. உங்களிட்ட இருக்கிற ஆறும் நல்ல ஆறு. கரைச்சல் பெடலில இல்ல, பெடலுக்குப் போற கரண்டிலயும், சத்தத்தை அளக்கிற இடத்திலயும் இருக்கு. நான் வீட்டிலேயே அம்பும் பெடலும் திருத்துற ஆள், கலியாண வீட்டு பாண்டில கனகாலம் கிற்றார் வாசிச்சும் இருக்கிறன். என்னட்ட "பெடல் பழுது" எண்டு கொண்டு வாறதில பெரும்பகுதி பெடல் பழுதே இல்ல, அடப்டர்தான். அதால கரண்டில இருந்து தொடங்குறன். அது சரியாகாமல் ஒழுங்கு, செட்டிங் எண்டு கதைச்சுப் பிரயோசனமில்ல.

முதல்ல அந்தக் கீச்சுச் சத்தம். ஓவர்டிரைவ், டிஸ்டோர்சன், அனலொக் கோரஸ் எல்லாம் கரண்ட் குறைவாத்தான் குடிக்கும். ஓவர்டிரைவ் ஒண்டு பெரும்பாலும் 10 மில்லி அம்பியரைச் சுத்தித்தான். டிஜிட்டல் டிலே, ரிவேர்ப் அப்படியில்ல. 50, 100, சிலது அதுக்கும் மேல. அதைவிட முக்கியம், உள்ள ஓடுற சிப் ஒரே சீராக் குடிக்காமல் வெட்டி வெட்டிக் குடிக்கும். ஆறு தலை வயரில எல்லாத்துக்கும் ஒரே நெகட்டிவ் பாதை. டிலே வெட்டி இழுக்கிற துடிப்பு அந்தப் பொதுப் பாதையால டிஎஸ்-1க்குள்ள ஏறும். டிஎஸ்-1ட வேலையே சின்னச் சிக்னலைப் பெரிசாக்கிறது, கிற்றாரைப் பெரிசாக்கிற கையோட அந்தத் துடிப்பையும் பெரிசாக்கித் தரும். தனியப் போட்டால் சுத்தம், கோர்த்தால் கீச்செண்டு நீங்க சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

நம்பாட்டி இப்பவே சோதிச்சுப் பாருங்கோ. டிஎஸ்-1இல மிதிக்கிற பலகைக்கு முன்னால ஒரு உருண்டை ஸ்குரூ இருக்கு, விரலாலேயே கழட்டலாம். கழட்டினால் பலகை மேல தூக்குப்படும், உள்ள 9 வோல்ட் பற்றரிக்கு இடம். ஒரு அல்கலைன் பற்றரியைப் போட்டு, அடப்டர் தலையை அந்தப் பெடலில இருந்து மட்டும் பிடுங்குங்கோ. மற்ற அஞ்சும் அடப்டரிலயே இருக்கட்டும். கீச்சு நிண்டால், இல்லாட்டி நல்லாக் குறைஞ்சால், வழக்குத் தீர்ந்தது. ஒண்டை மறக்காதீங்கோ: பற்றரி போட்ட பெடலில இன்புட் வயரைக் குத்தி வச்சாலே பற்றரி எரியத் தொடங்கும், மிதிக்கத் தேவையில்ல. வாசிச்சு முடிய வயரை இழுத்து விடுங்கோ.

தீர்வு ரெண்டு. காசிருந்தால், ஒவ்வொரு வாயும் தனித்தனியாப் பிரிச்ச, ஐசோலேற்றட் எண்டு எழுதியிருக்கிற பவர் சப்ளை. அந்தச் சொல்லைப் பாத்து வாங்குங்கோ. எட்டு வாய் இருக்கும், உள்ள எல்லாம் ஒண்டாக் கட்டியிருக்கும், பேர் மட்டும் பவர் சப்ளை. அப்படியும் சாமான் சந்தையில இருக்கு. காசில்லாட்டி, ட்யூனர், எஸ்டி-1, டிஎஸ்-1, கோரஸ் நாலுக்கும் இப்ப இருக்கிற பிரியிற வயர், டிலேக்கு ஒரு அடப்டர், ரிவேர்ப்புக்கு இன்னொரு அடப்டர். பலகையில கொஞ்சம் இடம் அடைக்கும், ஆனால் வேலை செய்யும். ஒவ்வொரு பெடலுக்கும் எத்தனை மில்லி அம்பியர் எண்டு அடியிலயோ கூட வந்த புத்தகத்திலயோ எழுதியிருக்கும், கூட்டிப் பாத்து அடப்டர் அதைவிடக் கூடத் தாறதா இருக்கவேணும். அம்பியர் கூட இருந்தால் பெடலுக்கு ஒண்டும் நடக்காது, தேவையானதை மட்டும்தான் எடுக்கும். வோல்ட் கூடினால்தான் ஆபத்து.

அதுக்காக அடப்டரை மீற்றரில ஒருக்கா அளந்து பாருங்கோ. சிவப்புக் கம்பியை பின்னின்ட உள் ஓட்டைக்குள்ள விடுங்கோ, கறுப்பை வெளித் தகரத்தில தொடுங்கோ. நம்மட பெடல் எல்லாத்துக்கும் நடு நெகட்டிவ், அதால மீற்றரில கழித்தல் குறியோட 9 காட்டவேணும். 12, 13 எண்டு காட்டினால் அது வோல்ட்டைக் கட்டுப்படுத்தாத பழைய ரகம், பெடலுக்குக் குடுக்கிற சாமான் இல்ல. கழித்தல் குறி இல்லாமல் 9 வந்தால் நடு பொசிட்டிவ், குத்தவே கூடாது. வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தாற அடப்டரையும் பாருங்கோ, அமெரிக்கா ரகத்தில 120 வோல்ட் மட்டும் எழுதியிருந்தால் எங்கட 230இல குத்தினவுடன எரிஞ்சிடும். 100 தொடக்கம் 240 வரைக்கும் எண்டு எழுதின ஸ்விச்சிங் ரகம் நல்லது, ஹோட்டல் ஜெனரேற்றர் ஏறி இறங்கினாலும் தாங்கும்.

இனி உறுமல். அதில ரெண்டு வகை இருக்கு. எங்கட கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் கொயில் பிக்கப் காத்தில இருக்கிற அந்த 50ஐப் பிடிக்கும். வடிகட்டல் சரியில்லாத அடப்டரில இருந்து வாறது அதின்ட இரட்டிப்பு, 100. தடிச்ச கம்பியில மூண்டாம் ஃபிரெட்டை அமத்தி அடியுங்கோ, அந்த ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்தச் சுரத்துக்குக் கிட்டவா, கொஞ்சம் கூர்மையா ஒட்டிக்கொண்டு நிண்டால் அடப்டரைச் சந்தேகியுங்கோ. காதை மட்டும் நம்பாமல் இன்னொண்டும் செய்யுங்கோ: கிற்றாரைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட இடத்திலயே மெதுவாச் சுத்துங்கோ. திசை மாற மாற உறுமல் கூடிக் குறைஞ்சால் அது பிக்கப்பால வாறது, எந்தப் பவர் சப்ளை வாங்கினாலும் போகாது. ஹோட்டல்ல வெளிச்சத்தைக் குறைக்கிற டிம்மர் இருந்தால் இன்னும் மோசமா இருக்கும். இப்ப வாற கனக்க ஸ்ட்ராட் வடிவக் கிற்றாரில நடுப் பிக்கப்பை எதிர்ச் சுத்தாச் சுத்தியிருப்பாங்கள், சுவிச்சை 2ஆம் அல்லது 4ஆம் இடத்தில வச்சால் ரெண்டு பிக்கப்பும் சேர்ந்து உறுமலை ஒண்டையொண்டு அழிச்சிடும். டிஸ்டோர்சன் போடேக்க அந்த இடத்தில வாசிச்சுப் பழகுங்கோ.

ஒழுங்கு. கிற்றார், ட்யூனர், எஸ்டி-1, டிஎஸ்-1, கோரஸ், டிலே, ரிவேர்ப். இதில இருந்து தொடங்குங்கோ. ட்யூனருக்கு ஒண்டும் கலக்காத சிக்னல் வேணும், அதால முன்னுக்கு. டிலேயும் ரிவேர்ப்பும் டிஸ்டோர்சனுக்குப் பின்னால வரவேணும். முன்னால வச்சால் ஒரு சுரமும் அதின்ட எதிரொலியும் ஒண்டாக் கலந்து டிஸ்டோர்சனுக்குள்ள போய் நசிஞ்சு, எதிரொலி தேய்ஞ்சு போறதுக்குப் பதிலா ஒரே உயரத்தில கூழாக் கிடக்கும். சில பேர் வேணுமெண்டே அப்படி வைக்கிறாங்கள், தப்பில்ல, ஆனால் நாலு பேர் பாண்டில அது தெளிவைத் தராது.

எஸ்டி-1ஐ டிஎஸ்-1க்கு முன்னால வைக்கிறதா, பின்னால வைக்கிறதா எண்டது நீங்க தீர்மானிக்க வேண்டிய விசயம். முன்னால வச்சு ரெண்டையும் மிதிச்சால் சத்தம் பெரிசா ஏறாது, டிஸ்டோர்சன்தான் தடிக்கும், ஏனெண்டால் டிஎஸ்-1 ஏற்கெனவே நறுக்குற உயரத்தை எட்டியிருக்கும். சோலோவுக்குச் சத்தம் உயரவேணுமெண்டால் எஸ்டி-1 பின்னால, மணிக்கூட்டு முள் கணக்கில டிரைவ் குமிழ் 9 மணியில, லெவல் குமிழ் 2 மணியில. உங்கட கரைச்சல் கேக்காமல் போறதுதான் எண்டபடியால் பின்னால வச்சுப் பாக்கச் சொல்லுவன்.

அந்தக் கேக்காமல் போற விசயத்துக்கு வாறன். இதில நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேணும், ஏனெண்டால் நல்லா வாசிக்கிற எத்தனையோ பிள்ளைகள் இதால மனம் விட்டுப்போறதைப் பாத்திருக்கிறன். வீட்டில மெல்லிய சத்தத்தில எங்கட காது பேஸையும் ட்ரெபிளையும் குறைச்சுத்தான் கேக்கும். 1933இல பெல் ஆய்வுகூடத்தில ஃபிளெச்சர், மன்சன் எண்ட ரெண்டு பேர் இதை அளந்து வரைபடமாப் போட்டாங்கள். அதால அறைக்குள்ள இருந்து செட் பண்ணுற எல்லாரும் பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி, மிட்டை, அதாவது நடுச் சத்தத்தை, குறைச்சு வைப்பாங்கள், தனியக் கேக்க அழகா இருக்கும். மேடையில சத்தம் ஏறினவுடன பேஸும் ட்ரெபிளும் தானாக் கூடிவிடும். பேஸ் கிற்றாரும் கிக் டிரம்மும் அடியைப் பிடிச்சிடும், சிம்பல் மேலைப் பிடிச்சிடும். கிற்றாருக்கு மிச்சம் இருக்கிற இடம் நடுதான், அதைத்தான் நீங்க வீட்டிலயே வெட்டிப்போட்டு வந்திருக்கிறீங்க. டிஎஸ்-1 வேற இயல்பிலயே மிட் குழிஞ்ச பெடல். எஸ்டி-1இல மிட் எழும்பி நிக்கும். ரெண்டையும் ஒண்டா மிதிச்சுப் பாண்டோட நிண்டு கேளுங்கோ. டிஎஸ்-1 டோனை 12 மணிக்குக் கீழ இறக்குங்கோ, டிஸ்ற் குமிழை வீட்டில வச்சதில பாதியாக்குங்கோ. தனியக் கேக்க மெலிஞ்சு, மூக்கால கதைக்கிற மாதிரித் தெரியும். பயப்படாதீங்கோ, பாண்டுக்குள்ள அதுதான் கேக்கும்.

இன்னொண்டு, ஒவ்வொரு பெடலையும் மிதிச்சும் விட்டும் பாத்து, சோலோப் பெடல் தவிர மற்றது எல்லாம் ஒரே சத்தத்தில நிக்கிற மாதிரி லெவலைச் சரிபாருங்கோ. கோரஸ் சிலதில சத்தம் மெல்ல இறங்கும், கவனிக்காமல் விட்டால் அந்தப் பாட்டு முழுக்க நீங்க பின்னுக்குப் போயிடுவீங்க.

டிலே. உங்கட சேர்ச் பாட்டில பொருந்துறது புள்ளி வச்ச எட்டிலொண்டு, அதாவது ஒரு அடியின்ட முக்கால் பங்கு நேரம், எண்டு நினைக்கிறன், இப்ப எல்லாரும் அதைத்தான் போடுறாங்கள். கணக்கு இது: 60,000ஐ தாள வேகத்தால பிரிச்சால் ஒரு அடிக்கு எத்தனை மில்லி செக்கன் எண்டு வரும். 72 வேகத்தில 833, அதில முக்கால் பங்கு 625. நாலடித் தாளத்தில அந்த முக்கால் வடிவா இடைவெளியை நிரப்பும். பைலா 6/8, ஒரு அடி மூண்டாப் பிரியிற தாளம். மூண்டாப் பிரியிற இடத்தில முக்கால் பங்கு எந்த இடத்திலயும் விழாது, டிரம்மர் திரும்பிப் பாத்தது அதாலதான். 120 வேகம் எண்டு வையுங்கோ. ஒரு அடி 500. முக்கால் 375, அது பைலாவுக்குப் பகை. மூண்டில ஒண்டு 167, மூண்டில ரெண்டு 333. இந்த ரெண்டில ஒண்டை வையுங்கோ, எதிரொலி ஒண்டுக்கு மேல வராத மாதிரி ஃபீட்பேக்கை இறக்குங்கோ. 167இல வெட்டி வெட்டி அடிச்சால் கிற்றார் ரெண்டு பேர் வாசிக்கிற கனம் வரும், தாளமும் தள்ளாடாது.

ரிவேர்ப்பை ரெண்டு இடத்துக்கும் ஒரே மாதிரி வைக்காதீங்கோ. கல்லுக் கட்டடம், உயர்ந்த கூரை எண்டால் சேர்ச்சே ரிவேர்ப் தரும், அங்க பெடலை நிப்பாட்டி வச்சிட்டு முதல் பாட்டை வாசிச்சுப் பாருங்கோ. கடற்கரை முற்றத்தில சத்தம் திரும்பி வர ஒரு சுவரும் இல்ல, அங்கதான் அந்தப் பெடலுக்கு வேலை.

மிக்சருக்குள்ள டிஸ்டோர்சன் கத்துறதைப் பற்றிக் கொஞ்சமாச் சொல்லுறன், கிண்ணியா நானா இங்க வாறவர், அவருக்கு என்னைவிட விளக்கம் கூட. டிஎஸ்-1 வந்தது 1978இல, எஸ்டி-1 1981இல. ரெண்டும் கிற்றார் அம்புக்கு முன்னால வைக்கச் செய்த சாமான். கிற்றார் அம்பின்ட ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல அவ்வளவா ஒண்டும் தராது, டிஸ்டோர்சன்ட கரகரப்பை அதுதான் வெட்டி விடுறது. மேடை ஸ்பீக்கர் பெட்டி அந்தக் கரகரப்பையும் முழுக்கத் தரும். இடையில ஸ்பீக்கர் வேலையைச் செய்ய ஒண்டு வேணும்.

பாலையூற்று_ஆறுகம்பி

அண்ணா, வாசிச்சிட்டு உடன போய் அளந்தன். மீற்றரில கழித்தல் 13.4 காட்டுது. பற்றரி போட்டுப் பாத்தன், கீச்சு முழுசா நிண்டிட்டுது. உறுமல் பாதி குறைஞ்சிருக்கு, மிச்சம் சுத்தேக்க மாறுது, அப்ப அது பிக்கப்தானே.

ஒண்டு கேக்க வேணும். ஹோட்டல்ல மிக்சரோட சேர்த்தால் வேற ஒரு உறுமல் வருது, சேர்ச்சில அது இல்ல. அங்க கரண்ட் வேலை பாக்கிற ஒருத்தர் பிளக்கில நடுவில இருக்கிற பெரிய பின்னைக் கழட்டி விடுங்க, உறுமல் நிக்கும் எண்டார். செய்யலாமா?

உவர்மலை_அம்ப்

செய்யாதீங்கோ தம்பி. அந்தப் பின் ஏர்த். உறுமல் நிக்கிறது உண்மைதான், அதோட உங்கட உயிருக்கு இருக்கிற காவலும் நிண்டிடும். கிற்றார் கம்பி எல்லாம் வயர் வழியா ஏர்த்தோட தொடுத்திருக்கு. ஒரு பக்கம் ஏர்த் இல்லாமல் ஏதாவது ஒரு பெட்டிக்குள்ள லைன் கசிஞ்சால், கை கம்பியிலயும் வாய் மைக்கிலயும் இருக்கேக்க கரண்ட் நெஞ்சுக்குள்ளாலதான் பாயும். 1972 மே மாதம் வேல்ஸில சுவான்சி நகரத்தில, ஸ்டோன் த குரோஸ் எண்ட பாண்டின்ட கிற்றாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையிலேயே, ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுச் செத்தவர். நீங்க நிக்கிறது கடல் ஈரம் ஏறின நிலம், சில நாள் வெறுங்காலோட. பாட முதல் கம்பியை மைக்கின்ட வலையில ஒருக்கா முட்டிப் பாருங்கோ. பொறி தெறிச்சால் அண்டைக்கு வாசிக்க வேண்டாம், ட்ரிப் சுவிச்சு இருக்கிற இடத்தையும் கேட்டு வையுங்கோ.

நீங்க சொல்லுற உறுமல் ஏர்த் வளையம். உங்கட பெடலுக்கு ஒரு சுவரில கரண்ட், மிக்சருக்கு வேற சுவரில கரண்ட், ரெண்டு ஏர்த்தையும் கிற்றார் வயர் சேர்த்துக்கட்டுது. ரெண்டையும் ஒரே பலகைச் சொக்கட்டில எடுங்கோ, பெரும்பாலும் போயிடும். போகாட்டி டிஐ பெட்டி (கிற்றார் சிக்னலை மைக் வயரில போற மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) ஒண்டு வையுங்கோ, அதில லிஃப்ட் எண்டு ஒரு சுவிச்சு இருக்கும். அது சத்த வயரின்ட ஏர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் ஏர்த்தைத் தொடாது.

13.4 காட்டின அடப்டரை இனிப் பெடலுக்குக் குத்தாதீங்கோ.

கிண்ணியா_மிக்சர்

உவர்மலை அண்ணன் கூப்பிட்டதால வாறன். மேடைக்குப் பின்னால நிண்டு பாக்கிற ஆள் எண்ட முறையில சொல்லுறன் தம்பி.

கிற்றார் வயரை நேர மிக்சர் வரைக்கும் இழுக்க வேணாம். நம்மட ஹோட்டல் முற்றங்கள்ல மேடைக்கும் மிக்சருக்கும் நல்ல தூரம். சாதாரண கிற்றார் வயர் ஆறு மீற்றருக்கு மேல போனால் போற வழியெல்லாம் இரைச்சல் பொறுக்கிக்கொண்டு வரும். மேடையில உங்கட காலடியில டிஐ பெட்டி, அதில இருந்து மைக் வயர். அது முப்பது மீற்றர் போனாலும் சுத்தமா வரும், ரெண்டு கம்பியில எதிரெதிராப் போற சிக்னல் எண்டதால வழியில ஏறுற இரைச்சல் மிக்சரில கழிஞ்சு போகும்.

வண்டுச் சத்தத்துக்கு ரெண்டு வழி இருக்கு. ஸ்பீக்கர் வேலை செய்யிற கேபினெட் சிமுலேற்றர் பெடல் ஒண்டு, ரிவேர்ப்புக்குப் பிறகு கடைசியா. டிஐயும் சேர்ந்தே வாறது கிடைச்சால் இன்னும் நல்லம். மிக்சரில ட்ரெபிள் குமிழைத் திருகிச் சரிப்படுத்தலாமா எண்டு சில பேர் கேப்பாங்க. சின்ன மிக்சர்ல அந்தக் குமிழ் 10,000, 12,000 பக்கம்தான் வேலை செய்யும், கரகரப்பு இருக்கிறது அதுக்குக் கீழ. அதைத் திருகினால் கிற்றார்ட உயிர் போகும், கரகரப்பு அப்படியே இருக்கும்.

மற்ற வழி, காசு செலவில்லாதது. சேர்ச்சில இருக்கிற மாதிரிச் சின்ன அம்ப் ஒண்டை ஆரிட்டயாவது கேட்டு எடுத்துக்கொண்டு வாங்க. நான் முன்னால ஒரு மைக் வைப்பன், அவ்வளவுதான். ஷூர் எஸ்எம்57 எண்ட மைக் 1965இல இருந்து இந்த வேலைக்கு நிக்குது, இப்பவும் நிக்குது. ஸ்பீக்கர் துணிக்கு ஒட்டினாப் போல, கூம்பின்ட நடு மூடிக்கும் விளிம்புக்கும் இடையில. நடுவுக்குக் கொண்டு போனால் கூர்மை கூடும், விளிம்புக்குக் கொண்டு போனால் மென்மை. ஒரு விரல் அளவு நகர்த்தினாலே வித்தியாசம் கேக்கும், அதால அம்பை வச்ச பிறகு காலால தட்டி நகர்த்த வேணாம் எண்டு எல்லாருக்கும் சொல்லி வையுங்க. கச்சான் காத்து அடிக்கிற நாள்ல மைக்குக்கு ஸ்பொஞ்ச் தொப்பி போடுவன், இல்லாட்டி காத்து முழுக்கப் பெட்டியில குமுறும்.

சவுண்ட் செக் நேரம் எல்லாப் பிள்ளைகளும் மெதுவா வாசிச்சுக் காட்டிட்டு, பாட்டுத் தொடங்கினவுடன ஏத்துறாங்க. எனக்கு உங்கட ஆகப் பெரிய சத்தத்தைக் காட்டுங்க, எஸ்டி-1ஐ மிதிச்சுச் சோலோவை முழுப் பலத்தோட அடியுங்க. அதுக்கு இடம் விட்டு நான் மிக்சரில கெய்ன் (உள்ள வாற சத்தத்தின்ட அளவு) வச்சால் பிறகு நான் உங்களைத் தொட வேண்டி வராது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ உங்கட சனலை நான் வெட்டி விடுவன், கேட்டுக் கவலைப்பட வேணாம், பேஸ்காரருக்கு அந்த இடம் வேணும்.

பாலையூற்று_ஆறுகம்பி

நானா, அம்ப் ஒண்டு கிடைக்கும், வாற சனிக்கு எடுத்துக்கொண்டு வாறன். டிலேயை 333இல வச்சு வீட்டில டிரம் மெசினோட அடிச்சுப் பாத்தன் அண்ணா, அப்படியே ஒட்டிக்கொண்டு போகுது. எஸ்டி-1 பின்னால போட்டாச்சு.

கடைசியா ஒண்டு. டிஎஸ்-1 குமிழைத் திருகினால் கரகரக்குது, கோரஸ் இடையில அறுந்து அறுந்து வருது. வயரை ஆட்டினால் திரும்ப வருது. பெடல் போயிட்டுதா?

உவர்மலை_அம்ப்

போகேல்ல. உப்புக் காத்து. திருகோணமலையில கடலுக்குக் கிட்ட வாசிக்கிற எல்லாருக்கும் இது வரும், கொழும்புக் கடையில இதைச் சொல்லித் தரமாட்டாங்கள். ஜக்குக்குள்ள இருக்கிற தகட்டில கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் பிடிச்சிருக்கும். கொன்டாக்ட் கிளீனர் எண்டு கேட்டு வாங்குங்கோ. பூட்டுத் திறக்க அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அது தூசியைப் பிடிச்சு வைக்கும். கரண்ட் எல்லாம் பிடுங்கிவிட்டு வயர் முனையில கொஞ்சம் அடிச்சு, ஜக்குக்குள்ள இருபது தரம் குத்தி இழுங்கோ. குமிழுக்கு, பின் மூடியைக் கழட்டி, குமிழின்ட உடம்பில இருக்கிற சின்ன வெட்டுக்குள்ள ஒரு சொட்டு மாதிரி அடிச்சு, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் திருகுங்கோ. நல்லாக் காஞ்ச பிறகு கரண்ட் குடுங்கோ.

வாசிச்சு முடிஞ்ச இரவே பெடலை ஈரமில்லாத துணியால துடைச்சு, மூடுற பெட்டிக்குள்ள வையுங்கோ. சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா பக்கற்றைச் சேர்த்து உள்ள போடலாம். வாடைக்காத்து தொடங்கி ஹோட்டல் எல்லாம் அடங்கினாப் பிறகு பெடலை மாசக்கணக்கா எடுக்காமல் வைப்பீங்கள், அந்த நேரம் பற்றரியை உள்ள விட்டிட்டு வைக்காதீங்கோ. கசிஞ்சு போர்ட்டைத் திண்டிடும். அப்படித் திண்ட பெடல்தான் உண்மையா என்ட மேசைக்கு வரவேண்டிய பெடல்.